எட்டு மெய்ப்பாடு, எட்டுத் தலை: களிமண்ணில் முகம் பிடிப்பது எப்படி

எங்கள் ஊர் மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி. கொலு பொம்மை செய்கிற ஊர். அங்கே முகம் என்பது அச்சில் இருந்து வருவது. முன்பாதி, பின்பாதி இரண்டு அச்சிலும் மண்ணை அப்பி, ஒட்டி, பிரித்தெடுத்தால் முகம் தயார். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஒரே கன்னம், ஒரே உதடு. செட்டியார் பொம்மைக்கு மட்டும் தொப்பையும் வேறு, முகமும் வேறு. மற்றபடி வித்தியாசம் எல்லாம் பெரியப்பா கண் எழுதும்போதுதான் வரும். கருவிழியை மேல் இமையோடு ஒட்டி வைத்தால் அம்மனுக்கு ஒரு சாந்தம். அதையே இமையில் படாமல் நடுவில் மிதக்க விட்டால், அதே அச்சில் வந்த முகம் நம்மைப் பார்த்து மிரண்டு போய் நிற்கும். பெரியப்பா இதையெல்லாம் விளக்க மாட்டார். "தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே" என்பதோடு சரி.

அந்த அச்சை விட்டு வெளியே வர எனக்குப் பல வருஷம் பிடித்தது. இப்போது ஆளளவுத் தலைகளாகக் கையாலேயே செய்து சுடுகிறேன். தொல்காப்பியம் சொல்கிற எட்டு மெய்ப்பாட்டுக்கும், அதாவது மனசின் உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் எட்டு வகைக்கும், ஒவ்வொரு தலை என்பது கணக்கு. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

மண்ணில் இருந்து தொடங்குகிறேன்

எனக்குக் கண்மாய்க் களிமண் போதும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கரைத்து, சல்லடையில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டுத் துணி விரித்து நிழலில் காயவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும், மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நைசான மணலும் ஓட்டுத்தூளும் சேர்த்து மிதியுங்கள். ஓட்டுத்தூள் என்பது உடைந்த கூரை ஓட்டை இடித்துச் சலித்தது. ஏற்கெனவே சூளை பார்த்த மண் என்பதால் அது மறுபடி சுருங்காது, தலை வெடிக்காமல் காக்கும். பதம் பார்க்க, விரல் கனத்துக்கு ஒரு திரி உருட்டி ஆள்காட்டி விரலில் சுற்றுங்கள். வெடித்தால் மணல் கூடிப்போயிற்று.

இன்னொரு சோதனையும் தவறாமல் செய்யுங்கள். அந்த மண்ணில் ஒரு பட்டை தட்டி, அதில் 10 சென்டிமீட்டர் கோடு கிழித்து, காயவைத்துச் சுடுங்கள். என் மண்ணில் அந்தக் கோடு 9 சென்டிமீட்டராகத் திரும்பி வருகிறது. பெரியவர்களின் தலை உச்சியில் இருந்து மோவாய் வரை 22, 23 சென்டிமீட்டர் இருக்கும். நான் 25 வைத்துச் செய்கிறேன். என் முதல் தலையை இது தெரியாமல் செய்தேன். தாத்தா முகம், பத்து வயதுப் பையன் அளவில் வந்தது.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். மூங்கில் சீவி இரண்டு கத்தி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்துக் குச்சியில் கட்டிய சுரண்டி ஒன்று, தண்ணீர் தெளிக்க ஒரு பாட்டில். ஆனால் கண்ணாடி இரண்டு வேண்டும். ஒன்று நேரே பார்க்க, மற்றது பக்கவாட்டைக் காட்ட.

எந்த அழுகை?

என்னிடம் வந்த ஒரு பையன், "கோபம் செய்யப் போறேன்க்கா" என்றான். என்ன கோபம் என்றேன். "கோபம்தான்" என்றான். பல்லைக் கடிக்க வைத்து, புருவத்தை நெரித்து, மூக்கை விடைக்க விட்டு நான்கு நாள் உழைத்தான். சூரசம்ஹாரத்து அசுரன் வந்து உட்கார்ந்திருந்தான்.

அவனுக்குத் தொல்காப்பியத்தைப் படித்துக் காட்டினேன். மெய்ப்பாட்டியலில் எட்டுப் பெயரைச் சொல்வதோடு நிற்பதில்லை. நகை, அழுகை, இளிவரல் (இழிவாக உணர்வது), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் கொடுக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டு அழுவது வேறு, பறிகொடுத்து அழுவது வேறு, முன்னே இருந்த நல்ல நிலை போய்விட்டதே என்று அழுவது வேறு, இல்லாமையில் அழுவது வேறு. வெகுளிக்கு உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்வது), அலை (அடித்து வருத்துவது), கொலை. சிற்பிக்கு இதைவிட உபயோகமான பட்டியலை நான் பார்த்ததில்லை. "கோபம்" என்று ஒரு முகம் உலகத்தில் கிடையாது. தன்னைச் சேர்ந்தவனை ஒருவன் அடிக்கும்போது வருகிற கோபம் என்று ஒரு முகம் உண்டு.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் தன் தம்பி எல்லார் முன்னாலும் அடிவாங்கிய ஒரு நாளைச் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். பல் தெரியவில்லை. கீழ் இமை மட்டும் இறுகி மேலே ஏறியிருந்தது. தொண்டையில் எச்சில் இறங்கியது. "இதை வெச்சு செய்" என்றேன்.

ஆக, மண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தில் காரணத்தை எழுதி ஆணியில் மாட்டுங்கள். உணர்ச்சியின் பெயரை எழுதாதீர்கள்.

எலும்பு முதலில், அது அசையாது

பலகையில் ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, செய்தித்தாளைப் பந்தாகக் கசக்கிச் சணலால் கட்டி, மேலே பாலிதீன் சுற்றுங்கள். அதன்மேல் மண்ணை அப்பிக் கொண்டே வாருங்கள். முதல் நாள் முழுக்க உணர்ச்சியே இல்லாத தலைதான். முட்டை வடிவம், கழுத்து, தாடை, கன்ன எலும்பு. கண் இருக்கும் இடம் தலையின் சரிபாதி உயரம். எல்லாரும் கண்ணை மேலே ஏற்றி வைப்பார்கள், நானும் வைத்தேன். நெற்றி, உச்சி எல்லாம் சேர்ந்தது தலை என்பதை மனசு நம்ப மறுக்கும், அளவுக்கோலை நம்புங்கள். காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவில் அடங்கும். பக்கவாட்டில் பார்த்தால் தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும்.

முகத்தில் எத்தனை புயல் அடித்தாலும் எலும்பில் அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். மற்றதெல்லாம் தோலும் தசையும். எலும்பு சரியாக இல்லாத தலையில் நீங்கள் வைக்கிற சிரிப்பு ரப்பர் முகமூடியாக இழுபடும்.

இடது கை முகத்தில், வலது கை மண்ணில்

இங்கேதான் மெசர்ஷ்மிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரான்ஸ் சேவர் மெசர்ஷ்மிட், 1736-ல் ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் அரச குடும்பத்துக்குச் சிலை செய்து பேர் வாங்கியவர். 1770 வாக்கில் மனநிலை தடுமாறத் தொடங்கியது. 1774-ல் வியன்னா கலைக்கழகத்தில் அவருக்கு வந்திருக்க வேண்டிய பேராசிரியர் பதவியை, புத்தி சரியில்லை என்று காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். 1777-ல் பிரெஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். இன்றைய பிராட்டிஸ்லாவா. அங்கே தனியாக உட்கார்ந்து தலை தலையாகச் செய்தார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் சில, அலபாஸ்டர் கல்லில் சில. 1783-ல் 47 வயதில் இறந்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட தலைகள் இருந்தன. எல்லாம் கோணல் முகங்கள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்தது, கண்ணை இறுக்கி மூடியது, கொட்டாவி, கொக்கு மாதிரி வாயை நீட்டியது.

1781-ல் நிக்கோலாய் என்ற எழுத்தாளர் அவரைப் பார்க்கப் போய், வேலை செய்யும் விதத்தை எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடி முன் நின்று விலாவில் தன்னைத்தானே கிள்ளிக்கொள்வார், முகம் கோணும், அதைப் பார்த்துச் செய்வார். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணாடியைப் பார்ப்பார். விகிதாசாரத்துக்கென்று ஒரு ஆவி இருப்பதாகவும், தான் அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதால் அது பொறாமைப்பட்டுத் தன்னை வதைப்பதாகவும் நம்பினார். அதை அடக்கத்தான் இத்தனை முகம். மொத்தம் 64 கோணல் உண்டு என்பது அவர் கணக்கு.

அவரிடம் நான் எடுத்துக்கொண்டது கண்ணாடியையும் கிள்ளுவதையும்தான். ஆனால் விலாவில் கிள்ளுவதில்லை, காகிதத்தில் எழுதிய காரணத்தை நினைத்துக்கொள்கிறேன். அது கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும்.

செய்முறை இதுதான். காரணத்தை நினையுங்கள். முகத்தில் ஏதோ ஓடும். மூன்று நொடிக்கு மேல் அதைப் பிடித்து வைக்காதீர்கள், வைத்தால் நடிப்பாகிவிடும். இடது கையை முகத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் திரும்ப நினையுங்கள். எது மேலே போனது, எது இறுகியது, எது கல்லானது என்று விரல் சொல்லும். உடனே வலது கையால் மண்ணில் அந்த இடத்தில் ஒரு உருண்டை வையுங்கள், அல்லது கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளுங்கள். கண்ணாடியைப் பார்ப்பது அப்புறம், சரிபார்க்க மட்டும். கண்ணாடியை மட்டும் நம்பினால் முகத்தின் மேல்தோல்தான் வரும். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நான் அச்சத்துக்காக நின்றபோது பால்காரர் பார்த்துவிட்டு, ஒரு வாரம் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

சுருக்கம் எந்தப் பக்கம் விழும் என்பதற்கு ஒரு விதி உண்டு. தசை எந்தத் திசையில் இழுக்கிறதோ, தோல் அதற்குக் குறுக்கே மடியும். நெற்றித் தசை புருவத்தை மேலே தூக்குகிறது, அதனால் நெற்றிக் கோடு கிடைமட்டமாக ஓடும். புருவத்தை நெரிக்கும் தசை உள்பக்கம் இழுக்கிறது, அதனால் நடுவில் செங்குத்தாக இரண்டு கோடு. இந்தக் கோடுகளைக் கத்தியால் கீறிவிடாதீர்கள், தயவுசெய்து. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு இது. மடிப்பு என்பது கோடு இல்லை. இரண்டு மேடு வந்து மோதும் இடம். மேடுகளை வையுங்கள், கோடு தானாக விழும்.

சிரிப்புக்கு வாயோரத்தைத் தூக்கினால் மட்டும் போதாது. கண்ணைச் சுற்றியிருக்கும் வளையத் தசை சேராமல் உண்மையான சிரிப்பு இல்லை என்று 1862-லேயே டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து எழுதினார். எங்கள் கொலு பொம்மைகள் எல்லாம் வாயால் மட்டும் சிரிப்பவை. அழுகைக்குப் புருவத்தின் உள்முனை மட்டும் மேலே ஏற வேண்டும். இதை வேண்டுமென்றே செய்ய நம்மில் பலருக்கு வராது, முயன்று பாருங்கள். அதனால்தான் காரணத்தை நினைக்கச் சொல்கிறேன்.

அடக்கும் தசை

என் அப்பா இறந்த அன்று அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்த டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு குறைந்தது. திரும்ப எண்ணினார். உதடு ஒட்டிப்போய், மோவாய்த் தோல் எலுமிச்சைத் தோல் போலக் குழிகுழியாகி இருந்தது. புருவத்தின் உள்முனை மேலே, அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

என் அழுகைத் தலை அதுதான். காகிதத்தில் "இழவு, டம்ளர்" என்று எழுதியிருந்தேன்.

வாயைத் திறந்து ஓலமிடுகிற முகத்தை இரண்டு தடவை செய்து உடைத்துவிட்டேன். கல்லாகிப்போன ஓலம் பார்ப்பவரை நெருங்கவிடாது. அதனால் வெளியே தள்ளுகிற தசை ஒன்றைச் செய்யும்போது, அதை உள்ளே இழுத்துப் பிடிக்கிற தசை ஒன்றையும் கண்டுபிடித்து அதே பலத்தோடு செய்யுங்கள். புருவம் அழ, உதடு தடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கக் கூடாது. மெசர்ஷ்மிட்டின் தலைகளிலும் என்னை உலுக்குவது கோணல் இல்லை, அந்த உதடுகள் எதையோ விடமாட்டேன் என்று கவ்வியிருக்கும் விதம்.

கழுத்தை மறக்காதீர்கள். பாதி உணர்ச்சி அங்கேதான் இருக்கிறது. மெரினாவில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்குப் போய், நான்கு பேரின் முகத்தையும் விட்டுவிட்டுக் கழுத்தையும் தோளையும் மட்டும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பிறர் கை உங்கள் மண்ணுக்குள் வரும்போது

"உங்க தலைங்க மெசர்ஷ்மிட் மாதிரி இருக்கே" என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் சுருக்கென்று இருக்கும். இப்போது இல்லை. நான் சொல்வது: பிடித்தவரை ஒளிவுமறைவில்லாமல் ஒருமுறை அப்படியே பார்த்துச் செய்யுங்கள். படத்தை வைத்துக்கொண்டே செய்யுங்கள். முடித்ததும் அதைச் சுடாமல் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடுங்கள். கை கற்றுக்கொண்டது கையில் இருக்கும், மண் திரும்பக் கிடைத்துவிடும். அடுத்த தலை செய்யும்போது அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது.

அப்படியும் பிறர் கை வந்து சேரும். எர்ன்ஸ்ட் பார்லாக் என்ற சிற்பி 1927-ல் ஜெர்மனியில் க்யூஸ்ட்ரோ தேவாலயத்துக்கு, முதல் உலகப் போரில் செத்தவர்களின் நினைவாக, மிதக்கும் தேவதை ஒன்றை வெண்கலத்தில் செய்தார். கண் மூடி, வாய் மூடி, காற்றில் படுத்தாற்போல் தொங்கும் உருவம். முகம் கேத்தே கோல்விட்ஸின் முகம். தானாக வந்து புகுந்துகொண்டது, நினைத்துச் செய்திருந்தால் வந்திருக்காது என்றார் பார்லாக். கோல்விட்ஸ் 1914-ல் போரில் மகனைப் பறிகொடுத்தவர், அவரும் சிற்பி. 1937-ல் நாஜி ஆட்சியில் அந்தத் தேவதையை இறக்கி, பின்னால் உருக்கிவிட்டார்கள். அச்சில் இருந்து மறுபடி வார்த்தது கொலோனில் ஒரு தேவாலயத்தில் தொங்குகிறது. 1938-ல் பார்லாக் இறந்ததும் கோல்விட்ஸ் அவர் நினைவாக ஒரு முகம் செய்தார். தன் முகமேதான், பாதியைக் கை மூடியிருக்கிறது. கையை வைத்து அழுகையை மறைப்பது எப்படி என்று அதைப் பார்த்துத்தான் படித்தேன். என் இளிவரல் தலையில் ஒரு விரல் மட்டும் வாயோரத்தில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

கண்

பெரியப்பா மாதிரி நானும் கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறேன். முதலில் முழு உருண்டையைக் குழிக்குள் வையுங்கள். அதன்மேல் இமைகளைத் தனிப் பட்டைகளாகப் போர்த்துங்கள், இமைக்குக் கனம் தெரிய வேண்டும். சுடுமண்ணில் வண்ணம் எழுத மாட்டேன், ஆகவே கருவிழியை நிழலால்தான் செய்ய வேண்டும். கண்பாவை இருக்கும் இடத்தை ஆழமாகத் தோண்டி, மேல் ஓரத்தில் ஒரு துளி மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். குழி இருட்டாகும், அந்தத் துளி மினுக்கும். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஊடோன் என்ற சிற்பி சலவைக்கல்லில் செய்த உத்தி இது. மண்ணிலும் நன்றாகவே வேலை செய்கிறது. பார்வை எங்கே போகிறது என்பதைக் குழியின் இடம் தீர்மானிக்கும், பெரியப்பாவின் பாடம் இங்கேயும் செல்லும்.

ராத்திரி மற்ற விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைக் கையில் பிடித்துத் தலையைச் சுற்றி வாருங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் சிரிப்பு துக்கமாகும், கீழிருந்து விழுந்தால் பேயாகும். எல்லாப் பக்கமும் தேறிய தலையைத்தான் சூளைக்கு எடுத்துப் போகலாம்.

குடைவது, காயவைப்பது, சுடுவது

நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் காதுக்குப் பின்னால் நூலால் தலையை இரண்டாக அறுத்து, காகிதப் பந்தை எடுத்துவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் கனம் விட்டுக் குடையுங்கள். விளிம்புகளைக் கீறி, கூழ் மண் தடவித் திரும்ப ஒட்டுங்கள். கழுத்தடி திறந்தே இருக்கட்டும், காற்று போக வழி வேண்டும். நிழலில் மூன்று வாரம் காயவிடுங்கள். மூக்கும் காதும் முந்திக் காயும், அவற்றின் மேல் மட்டும் ஈரத்துணி போட்டு வையுங்கள்.

சூளையில் முதல் சில மணி நேரம் வெறும் புகைச்சூடுதான். உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் 100 டிகிரியில் ஆவியாகும், அவசரப்பட்டால் அதுவே வெடி. 573 டிகிரியில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே சூட்டில் சுருங்கும். அதனால் ஏற்றுவதும் ஆறவிடுவதும் நிதானமாக இருக்க வேண்டும். என் முதல் எட்டுத் தலைகளில் மூன்று போனது ஆறும்போதுதான். மறுநாள் காலையில் ஆவலை அடக்க முடியாமல் சூளை வாயைத் திறந்துவிட்டேன். பெருமிதத்துக்கு நெற்றி பிளந்துவிட்டது. அதை ஒட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பெயர் வைக்க அவசரம் வேண்டாம். மெசர்ஷ்மிட் தன் தலைகளுக்குப் பெயர் வைக்கவில்லை. அவர் செத்துப் பத்து வருஷம் கழித்து, 1793-ல் வியன்னாவில் 49 தலைகளைக் காட்சிக்கு வைத்தபோது யாரோ ஒருவர் பெயர் சூட்டினார். "மலச்சிக்கலால் அவதிப்படுபவர்" என்று ஒன்று. இன்றைக்கும் அந்தப் பெயர் அதை விட்டுப் போகவில்லை. என் தலைகளுக்கு அடியில் எண் மட்டும் இருக்கிறது.

இரண்டாம் எண் தலையை அம்மா பார்த்தார். சூளையில் இருந்து வந்த அன்றைக்கே, இன்னும் சாம்பல் துடைக்காமல் திண்ணையில் வைத்திருந்தேன். டம்ளர் கதையை நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது உங்க பெரியம்மாதானே?" என்றார். ஆமாம் என்றேன். முந்தானையால் அதன் காதுக்குள் இருந்த சாம்பலைத் துடைத்துவிட்டு, "அவ அப்படித்தான். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லமாட்டா" என்று உள்ளே போனார்.